மணிக்கட்டு வேண்டாம், முசியே

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. எங்கள் ஊரில் நாய் பூனைக்குக்கூட இது தெரியும். போன வாரம் வட்டாரப் பத்திரிகையில் முசியே து வராம்போவின் (எங்கள் பிரான்சில் ஐயாவை 'முசியே' என்போம்) சாவுச் செய்தி வந்திருந்தது. படம் சின்னது, செய்தி அதைவிடச் சின்னது. பழைய பிரபு குடும்பத்து வாரிசு, வால்மொரே கண்ணாடி ஆலையின் முன்னாள் இயக்குநர், வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களால் சிறைவைக்கப்பட்டவர். அவ்வளவுதான். பத்திரிகையைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். சிறைவைக்கப்பட்டவராம்! அந்தக் கைதிக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் அல்லவா?

நான் மார்செலின். ஆலை உணவுக்கூடத்தில் சமையல் என் பொறுப்பு. என் புருஷன் எமில் உலைக்கூடத்தின் தலைவன். எங்கள் வீடு ஆலை கொடுத்த வீடு. மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் ஆலையில்தான். மலைக்கு நடுவே கிடக்கிற எங்கள் பள்ளத்தாக்கில் அந்த ஆலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அங்கே செய்ததெல்லாம் பாட்டில். மது பாட்டில், எண்ணெய்ப் பாட்டில், வாசனைத் திரவியப் பாட்டில். பாட்டிலுக்குக் கண்ணாடி உருக வேண்டும், கண்ணாடி உருக உலை எரிய வேண்டும். அந்த உலை அணையாமல் இருந்ததால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

முசியே து வராம்போ பிறந்தது நொர்மாந்திப் பக்கம் ஒரு கோட்டையில். கோட்டை என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். மழை வந்தால் வரவேற்பறை முழுக்க வாளி வைப்பார்களாம், அப்படி ஒழுகுமாம் கூரை. அவருடைய தாய்மாமன் பெரும் பணக்காரர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூரையை மாற்றிக் கொடுத்திருப்பார். அப்பா சொல்லவில்லை. வராம்போ குடும்பத்தார் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்கக் கூடாதாம். பக்கத்தில் இருப்பவர் பார்த்து நகர்த்த வேண்டுமாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூத்த அண்ணனுக்குக் கோட்டை போயிற்று. இரண்டாவது அண்ணன் பாதிரியார் ஆனார். மூன்றாவதாகப் பிறந்த இவர் பொறியியல் படிக்கப் போகிறேன் என்றார். கரியும் புகையுமாகத் திரியப் போகிறானே என்று அம்மா அழுதாராம். படித்தார், பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியப் போருக்குப் போய்வந்தார் (அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை), பாரீஸ் தலைமை அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்தார். பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆலைக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார்.

பெயரில் பிரபுக்களுக்கே உரிய 'து' இருக்கிற இயக்குநர் வருகிறார் என்று தெரிந்ததும் ஆலையில் ஒரே நக்கல். வருவதற்கு முன்பே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: வெள்ளைக் கையுறை. கையுறையைக் கழற்றாமலே கைகுலுக்குவார் பாருங்கள் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

எங்கள் பக்கம் காலையில் எதிர்ப்படுகிற எல்லோரோடும் கைகுலுக்கியாக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அது சண்டைக்கு அழைத்தது மாதிரி. கை அழுக்காக இருந்தால் விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார்கள். எதிராளியும் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இதுதான் மரியாதை. அன்று காலை முசியே து வராம்போ தன்னந்தனியாக உலைக்கூடத்துக்குள் வந்தார். ஒட்டடைக்கம்பு போல உயரம், முழங்கையில் தோல் வைத்துத் தைத்த பழைய கோட்டு. கையுறை கிடையாது. எமிலின் கை கரிச்சட்டி மாதிரி இருந்தது. மணிக்கட்டை நீட்டினான்.

"மணிக்கட்டு வேண்டாம், முசியே. கை குடுங்க" என்றார் அவர், தொழிலாளியையும் 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு.

"கையெல்லாம் கரிங்க."

"கழுவினாப் போயிடும்."

அன்று மாலை எமில் வீட்டுக்கு வந்து கையைக் கழுவாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தான். "அந்த ஆளு என் கையை முழுசாப் புடிச்சான்டி, மார்செலின்" என்றான்.

"அதுக்காக நாளைக்கும் கழுவாம இருக்கப் போறியா? போ, போய்க் கழுவு, சூப் ஆறுது" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் என்னவோ செய்தது.

பழகுவதற்கு லேசான மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் 'நீ' என்று சொல்லத் தெரியாது. பொடியனுக்கும் 'நீங்கள்'தான். கெட்ட வார்த்தை வாயில் நுழையாது. உணவுக்கூடத்தில் எங்களோடு சாப்பிடும்போது பேரிக்காயைக்கூடக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து அறுவைச் சிகிச்சை பண்ணுவார். முழு உணவுக்கூடமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். உப்புக் குப்பி கை நீட்டினால் எட்டாத தூரத்தில் இருந்தால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவார். நான் கவனித்தபிறகு, குப்பியைப் போய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். "மிக்க நன்றி, மதாம்" என்பார், ஏதோ நான் கோட்டையை எழுதிக் கொடுத்த மாதிரி.

ஆனால் எமிலுக்கு முழங்கையில் தீக்காயம் பட்டபோது ஆஸ்பத்திரி நடைபாதையில் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தது யார்? அவர்தான். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எழுந்து போகவும் இல்லை. அப்படி ஒரு மனிதர்.

உலைக்கும் ஆயுசு உண்டு. வருஷக்கணக்காக எரிந்தால் உள்ளே செங்கல் கரைந்துபோகும். அப்போது அணைத்து, இடித்து, புதிதாகக் கட்ட வேண்டும். நடுவில் தற்செயலாக அணைந்துவிட்டாலோ, உள்ளே இருக்கிற கண்ணாடி கல்லாக உறைந்து உலையே பாழாகிவிடும். அதனால் வேலைநிறுத்தம் செய்தால்கூட உலையை மட்டும் நாங்களே முறைபோட்டு எரிய வைப்போம். எண்பத்திரண்டாம் வருஷம் எங்கள் உலைக்கு ஆயுசு முடியும் காலம் நெருங்கியிருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் பியெராவுக்கு விஷயம் தெரிந்தது. பியெரா எங்கள் தொழிற்சங்கத் தலைவர். நல்லவர், ஆனால் என்னைப் போலவே மூக்கு நுனியில் கோபம். பாரீசில் இருந்த சங்கத் தோழர் ஒருவர் அவருக்குப் போன் போட்டுச் சொன்னார்: உலை ஓய்ந்ததும் திரும்பக் கட்டப் போவதில்லை, ஆலையை மூடப் போகிறார்கள், வராம்போவுக்குக் கோடைகாலத்திலேயே இது தெரியும்.

வீடு போகும், மாப்பிள்ளைகளின் வேலை போகும், பிள்ளைகுட்டிகள் ஆளுக்கொரு ஊராகப் போகும். எல்லாம் தெரிந்துகொண்டு இந்த மனிதர் தினமும் வந்து கைகுலுக்கினாரே!

மறுநாள் காலை அவர் உலைக்கூடத்துக்குள் வந்தபோது எல்லோரும் வரிசையாக நின்றார்கள், எல்லோர் கையும் கால்சட்டைப் பைக்குள். அவர் முதல் ஆளிடம் கையை நீட்டினார். அவன் எடுக்கவில்லை. அடுத்தவனிடம் நீட்டினார். அவனும் எடுக்கவில்லை. அப்படியே கடைசி ஆள் வரைக்கும், ஒருவரையும் விடாமல் கையை நீட்டி, "காலை வணக்கம்" சொல்லிக்கொண்டே போனார். எமிலும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று அவன் சாப்பிடவில்லை.

அவர் மாடியில் தன் அறைக்குப் போனதும் பியெராவும் ஆட்களும் பின்னாலேயே போய், போனைப் பிடுங்கிக்கொண்டு, கதவுக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூடும் உத்தரவு ரத்தாகும்வரை வெளியே விடுவதில்லை என்று முடிவு. எங்கள் நாட்டில் முதலாளியை அறையில் வைத்துப் பூட்டுவது புதிதில்லை. ஆனால் அவருக்கும் பசிக்குமே. தட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். சூப், முட்டையும் பன்றிக்கொழுப்புத் துண்டும் போட்டுச் சுட்ட கீஷ், எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி. தட்டை மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

"நன்றி, மதாம் மார்செலின்."

"உங்க நன்றியை நீங்களே வச்சுக்குங்க. கோடையிலேயே தெரியுமாமே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்க எமில் கையைப் புடிச்சுப் புடிச்சுக் குலுக்கினீங்களே, கூசலை உங்களுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாரீசுக்குப் போய்ப் போய்ப் பேசிப் பார்த்தேன், மதாம். ஆர்டர் இல்லாத உலையை எதுக்குக் கட்டணும்கிறாங்க. பெரிய ஆர்டரோட வா, கட்டறோம்கிறாங்க. எப்படியாவது சரிபண்ணிட்டு உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு நெனச்சேன்."

"அப்ப எங்களுக்காகத்தான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஜெயிக்கலையே. தோத்ததை எப்படி வந்து சொல்றது?"

"வாயாலதான்! வேற எதால? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" எனக்கு அவர்மேல் வந்த கோபம் பாதி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முட்டாள்கள்மேல் வந்தது பாதி. ஆலையில் எங்கள் பக்கம் நின்ற ஒரே பெரிய மனிதரைப் பிடித்து நாங்களே பூட்டி வைத்திருக்கிறோம்!

அப்போதுதான் எனக்கு அவர் மகளின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அங்கே சமையலுக்கு உதவப் போயிருந்தேன். வந்த விருந்தாளிகளின் பெயரையெல்லாம் நான் அதற்கு முன்பே படித்திருந்தேன், பாட்டில் லேபிள்களில். ஷாம்பேன் மது தயாரிக்கிற வீட்டுக்காரர்கள், கொன்யாக் பிராந்தி வீட்டுக்காரர்கள், எல்லோரும் இவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள்.

"முசியே, அன்னிக்குக் கல்யாணத்துக்கு வந்தாங்களே, ஷாம்பேன்காரங்க, அவங்கல்லாம் யாரு?"

"ஒன்றுவிட்ட சொந்தக்காரங்க."

"அவங்களுக்குப் பாட்டில் வேணாமா? சாராயத்தைத் தொப்பியிலயா ஊத்தி விக்கிறாங்க?"

"மதாம்..."

"கேட்டீங்களா அவங்ககிட்ட?"

அவர் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "நாங்க... கேக்கறதில்லை."

எனக்கு வந்ததே கோபம்! "கேக்கறதில்லையா? நாங்க பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். லீவு கேக்கறோம், விறகு கேக்கறோம், ஆஸ்பத்திரியில படுக்கை கேக்கறோம். அழுத பிள்ளைக்குத்தான் பால். ஒரே ஒரு தடவை நீங்க கேட்டா உங்க கிரீடம் கழண்டு சூப்புல விழுந்துடுமா? உங்க அப்பா கேக்காம கூரை ஒழுகிச்சு, வாளி வச்சீங்க. இங்க எங்க வீடே போகப் போகுது, எத்தனை வாளி வைக்கச் சொல்றீங்க?"

சொன்னபிறகுதான் பயம் வந்தது. அப்பாவை இழுத்திருக்க வேண்டாம். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தப் போனைத் திருப்பித் தரச் சொல்றீங்களா?" என்றார். அவர் வாழ்நாளில் கேட்ட முதல் உதவி அதுவாகத்தான் இருக்கும்.

பியெரா லேசில் தருவாரா? "போலீசைக் கூப்பிட்டுடுவாரு" என்றார்.

"அப்ப நீயும் கூடவே உக்காந்து கேளு. காது இருக்குல்ல? அது தொங்கறதுக்கு மட்டுமா?"

அந்தக் காலத்துப் போன்களில் பின்னால் இரண்டாவதாக ஒரு காதுக்குழாய் தொங்கும். கூட இருப்பவரும் பேச்சைக் கேட்கலாம். முசியே ரிசீவரை எடுத்தார், பியெரா அந்தக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மேஜை மேல் உட்கார்ந்தார், நான் தட்டைத் துடைக்கிற சாக்கில் வாசலிலேயே நின்றேன்.

முதல் போன் பெராஞ்செர் என்ற அக்கா முறைக்கு. பெரிய ஷாம்பேன் வீட்டு எஜமானி. அவர்கள் நேராக விஷயத்துக்கு வருவார்களா, வர மாட்டார்கள். பேரனின் ஞானஸ்நானம், அத்தையின் மூட்டுவலி, வேட்டை நாய் குட்டி போட்டது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பியெரா பல்லைக் கடித்துக்கொண்டு ஜாடை காட்டினார். முசியேவின் நெற்றியில் வேர்வை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பெராஞ்செர், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

அந்தப் பக்கம் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "நீயா? கேக்கறியா? உங்கப்பா காதுல விழுந்தா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு! சரி, என்ன வேணும், சொல்லித் தொலை."

"பாட்டில்."

அந்த அம்மாள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. திரும்பக் கூப்பிடு என்றார், யோசிக்கிறேன் என்றார். இவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரு மாமா முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். இன்னொருவர் இவரைப் போனில் காக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இவர் காத்திருந்தார். மத்தியானம் ஆகியும் பியெரா குழாயை விடவே இல்லை. "அந்தக் கொன்யாக்காரர் மகளுக்குக் கல்யாணமாமே, அதை விசாரிங்க, மனசு இளகும்" என்று அவரே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தொழிற்சங்கத் தலைவர்!

நடுவில் துணை ஆட்சியாளர் அலுவலகத்திலிருந்து போன். போலீஸை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். போலீஸ் வந்தால் உலையை விட்டு ஆட்கள் போக வேண்டியிருக்கும், உலை அணையும், பிறகு யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே அணைந்துவிட்டால் பாரீசுக்கும் வேலை மிச்சம்.

"போலீஸா, எதுக்கு?" என்றார் முசியே. "நான் எங்க ஆளுங்களோட சாப்பாட்டுல உக்காந்திருக்கேன். இன்னும் கடைசியா வர்ற பாலாடைக்கட்டியே வரலை. அதுக்கு முன்னாடி எழுந்து போற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது." வைத்துவிட்டார். பாலாடைக்கட்டி காலையிலிருந்து அவர் முன்னால்தான் இருந்தது. பியெரா எழுந்து போய்க் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். முசியே வெளியே போகவில்லை. வேலை முடியவில்லையே.

சாயங்காலம் பெராஞ்செர் அம்மாள் சம்மதித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். புதிய உலைக்குப் போதுமான ஆர்டர். பியெரா மாடிப்படியில் நின்று கீழே கத்திய கத்தலில் கூடமே அதிர்ந்தது. முசியே ஆறிப்போன சூப்பைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மதாம் மார்செலின், கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

நான் சமையல் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

ஆலை பிழைத்தது. அவர் பிழைக்கவில்லை. தலைமை அலுவலகத்தை மீறி நடந்தார், தொழிலாளர் பக்கம் சாய்ந்தார் என்று வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். அதையும் எங்களிடம் சொன்னாரா? இல்லை. புது இயக்குநர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பியெரா அன்று வேலைநிறுத்தம் என்று குதித்தார். முசியேதான் ஆளனுப்பி, உலையைக் கட்டி முடிக்கிற வழியைப் பாருங்கள் என்று தடுத்தார். நொர்மாந்திக்குத் திரும்பிப் போகவும் இல்லை. ஊர்க் கோடியில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு, மனைவியோடு தங்கி, தோட்டம் போட்டார். அவர் வளர்த்த பூண்டுத்தாள் மாதிரி ஒல்லியான பூண்டுத்தாளை நான் எங்கும் பார்த்ததில்லை.

புது உலைக்குத் தீ வைக்கும் நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி ஒரு பெண்தான் முதல் தீயை வைக்க வேண்டும். அவள்தான் உலையின் ஞானத்தாய். பாரீஸ் தலைவரின் மனைவி வந்திருந்தார், மேளம் வந்திருந்தது, மேயர் வந்திருந்தார். முசியேவுக்கு மட்டும் அழைப்பு இல்லை.

எமில் பந்தத்தை எடுத்து மூலையில் சாத்தி வைத்தான். "கொஞ்ச நேரம் ஆகும்" என்றான் புது இயக்குநரிடம். அதற்குள் பியெராவும் நானும் வேனில் ஏறியிருந்தோம்.

அவர் தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்தார். "என்னை யாரும் கூப்பிடலையே. கூப்பிடாத இடத்துக்கு எப்படி வர்றது?" என்றார்.

"நாங்க மட்டும் கூப்பிடவா வந்தோம்? சிறைபிடிக்க வந்திருக்கோம். ஏறுங்க வண்டியில" என்றார் பியெரா. கை கழுவக்கூட விடவில்லை நான்.

உலைக்கூடத்தில் வரிசையாக நின்றார்கள். அன்று விசேஷம் என்பதால் எல்லோரும் குளித்து, சட்டை மாற்றி, கையெல்லாம் பளிச்சென்று இருந்தது. எமில் முதலில் நின்றான். முசியே தன் கையைப் பார்த்தார். நகக்கண் வரைக்கும் சேறு. விரல்களை மடக்கிக்கொண்டு, கூச்சத்தோடு மணிக்கட்டை நீட்டினார்.

"மணிக்கட்டு வேண்டாம், முசியே" என்றான் எமில். "கை குடுங்க."

"கையெல்லாம் மண்ணு, எமில்."

"கழுவினாப் போயிடும்."

முசியே கையை விரித்துக் கொடுத்தார். எமில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அடுத்தவன் பிடித்தான், அதற்கு அடுத்தவன், கடைசி ஆள் வரைக்கும். அவர் கையில் இருந்த சேறு எங்கள் எல்லோர் கையிலும் ஒட்டியது. பாரீஸ் அம்மாள் பந்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.